அண்ணன் காதில் எடுத்த அச்சு

அண்ணே.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையில் குட்டுவாய். அஞ்சு வயசு மூத்தவனை என்ன தைரியத்தில் பெயர் சொல்கிறாய் என்பாய். அதனால் அண்ணே என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மாதா கோயில் பூசையில் சாமியார் செத்தவர்களின் பட்டியலில் உன் பெயரை வாசிக்கும்போது வேறு யாருக்கோ வாசிக்கிற மாதிரி இருக்கிறது.

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அது தெரியாமலே போய்விட்டாய். இப்போது எழுதி என்ன ஆகப் போகிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறவள். எங்கள் ஊர் திருவையாற்றிலிருந்து உள்ளே போக வேண்டும், ஆற்றைத் தாண்டி. அப்பா நான் ஏழாவது படிக்கும்போது இறந்துவிட்டார். பத்தாவதில் எனக்குக் கணக்கு போய்விட்டது. திரும்ப எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடல் குழுவில் பாடுவேன், மற்ற நாள் நடவு, களை என்று அம்மாவோடு போவேன். ஒரு கல்யாணப் பூசையில் நான் பாடியதைத் தஞ்சாவூரில் மெல்லிசைக் குழு வைத்திருக்கிற ஒருவர் கேட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். அவரை நாங்கள் மாஸ்டர் என்போம். அம்மா முடியவே முடியாது என்றாள். அன்றைக்குச் சாயந்திரம் கத்தாரிலிருந்து அண்ணன் போன் போட்டான்.

"அவ திருடவா போறா? பாடத்தானம்மா போறா."

"மேடையில நின்னு பாடுனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கடா."

"களை பறிக்கப் போனா மட்டும் பேசாம இருக்காங்களா? அதே நாலு பேருதான். பாட்டாவது கேட்டுட்டுப் பேசட்டும்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்படித்தான் நான் பாடப் போனேன்.

மேடையில் எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது. பின்னால் டிரம்ஸ், பக்கத்தில் கீபோர்டு, முன்னால் ஆள் உயர ஸ்பீக்கர். என் குரல் எனக்குக் கேட்காது. காலடியில் ஒரு மானிட்டர் பெட்டி வைப்பார்கள், அதுவும் டிரம்ஸில் அமுங்கிவிடும். கேட்கவில்லை என்று கத்துவேன். கத்தினால் சுருதி ஏறிவிடும். மூன்றாவது பாட்டிலேயே தொண்டை கம்மிவிடும். இதை ஒரு நாள் அண்ணனிடம் சொல்லி அழுதேன்.

அவன் வேலை அங்கே மேடை கட்டுவது. பெரிய பெரிய நிகழ்ச்சிகளுக்கு இரும்புச் சட்டம் ஏற்றி, லைட்டும் ஸ்பீக்கரும் கட்டி, முடிந்ததும் பிரித்து லாரியில் ஏற்றுகிற கம்பெனி. அங்கே வருகிற பாடகர்கள் காதுக்குள் ஏதோ மாட்டிக்கொண்டு பாடுவதைப் பார்த்திருக்கிறான். கம்பெனியில் சவுண்டு பார்க்கிற ஒரு மலையாளிச் சேட்டன் விவரம் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்-இயர் என்று பெயர். கடையில் விற்கிற இயர்போன் மாதிரி எல்லோருக்கும் பொதுவானது கிடையாது. காதுக்குள் பசை மாதிரி ஒன்றை ஊற்றி, இறுகினதும் வெளியே எடுத்து, அந்த அச்சை வைத்துச் செய்வார்கள். ஒருவர் காதுக்குச் செய்தது இன்னொருவர் காதில் நிற்காது.

"ஒனக்கு ஒண்ணு வாங்கிட்டு இருக்கேன். என்னன்னு கேக்காத."

"செயினாண்ணே?"

"செயின் போட்டா சுதி சேருமாடி கழுத?"

பத்து நாள் கழித்து ஒரு வீடியோ அனுப்பினான். இரண்டு காதிலும் ரோஸ் கலரில் பசை அடைத்துக்கொண்டு, தலையை ஆட்டாமல் உட்கார்ந்து, கண்ணை மட்டும் உருட்டி உருட்டிச் சிரிக்கிறான். அவனுக்கும் சேர்த்துச் செய்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். அவன் காதில் எடுத்த அச்சில்தான் எனக்குச் செய்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவனுக்கு ஊருக்கு வர லீவு கிடைக்க இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அதுவரைக்கும் பொறுக்க அவனால் முடியவில்லை. யார் காதுக்கு என்று சேட்டன் கேட்டதற்கு, "எந் தங்கச்சிக்கி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே காது, சேட்டா" என்று சொல்லியிருக்கிறான். அவன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் அப்பாவின் காது. பெரிசு, வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவனைப் பெரிய முறம் என்றும் என்னைச் சின்ன முறம் என்றும் கூப்பிடுவார்கள். சொந்தக்காரர் கல்யாண வீட்டு போட்டோ எதை எடுத்தாலும் எங்களை முகம் பார்க்க வேண்டியதில்லை, காதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சின்ன வயசிலிருந்து எல்லோரும் "ரெண்டும் ஒரே காது, ரெண்டும் ஒரே காது" என்று சொல்லிச் சொல்லி அவன் அதை அப்படியே நம்பிவிட்டான். வெளியே ஒன்றாக இருந்தால் உள்ளேயும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நானும்தான் நினைத்திருப்பேன்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் லீவில் வந்தபோது அவரிடம் கொடுத்து அனுப்பினான். உள்ளங்கை அளவு கெட்டியான டப்பா. திறந்தால் இரண்டு ஓடு. புகை படிந்த கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். அரிசி மணி அளவுக்குச் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள், முடி மாதிரி ஒயர். கையில் எடுக்கவே பயமாக இருந்தது.

இடது பக்க ஓட்டை எடுத்துக் காதில் வைத்துத் திருகினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எங்கேயும் இடிக்கவில்லை. அப்படியே உலகம் அடங்கிவிட்டது. மதகுக்குப் பக்கத்தில் ஆற்றுத் தண்ணீருக்குள் தலையை முக்கினால் கரையில் பேசுவதெல்லாம் எங்கேயோ போய்விடுமே, அது மாதிரி.

வலது ஓடு பாதி போனது. நடுவில் ஒரு வளைவில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அழுத்தினேன். வலித்தது. இன்னும் அழுத்தினேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அது போகவில்லை. போனில் பாட்டுப் போட்டுக் கேட்டேன். இடது பக்கம் பேஸ் கிட்டார் நெஞ்சுக்குள் வாசிக்கிற மாதிரி விழுகிறது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்கிறது, உதட்டைப் பிரிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. வலது பக்கம் வெறும் சலங்கைச் சத்தம் மாதிரி ஒரு சீச்சீ. அடிச்சத்தம் முழுவதும் இடுக்கு வழியாக வெளியே போய்விடுகிறது.

அப்போதே வீடியோ கால் வந்தது. அவனுக்குப் பின்னால் இரண்டடுக்குக் கட்டில். அதில் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள்.

"போட்டுப் பாத்தியா? எப்புடி?"

"சூப்பர்ணே."

"வலிக்கிதா?"

"இல்ல."

"நெசமாச் சொல்லு. அளவு சரியில்லன்னா ஒரு மாசத்துக்குள்ள திருப்பி அனுப்புனா சும்மாவே மாத்திக் குடுப்பான். ஓங் காதுல எடுத்த அச்சில்ல, எங் காதுல எடுத்தது. அதான் கேக்குறேன்."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. கட்டிலில் இருந்தவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முகம் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

"எனக்குன்னே எடுத்த மாதிரி இருக்குண்ணே."

"பாத்தியா!" என்று அவன் திரும்பி அவர்களிடம் கத்தினான். "சொன்னேன்ல? ஒரே காதுடா! சேட்டன் சேராதுன்னாருல்ல, பந்தயத்துக்குக் கொண்டா இப்ப ஒரு டீ!"

அதுதான் நான் சொன்ன பொய். அந்த ஒரு மாசத்தில் நாலைந்து தடவை கேட்டான். நாலைந்து தடவையும் அதையே சொன்னேன்.

வலது ஓட்டைச் சுற்றிப் பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றி அமுக்கி வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தேன். வாயை மூடியிருக்கும்வரை நிற்கும். மேல் ஸ்தாயிக்கு வாயைத் திறந்ததும் தாடை அசைந்து பிடி விட்டுப்போய்விடும். ஒவ்வொரு சரணத்திலும் வலது காதில் பேஸ் ஓடிப்போகும், பல்லவிக்குத் திரும்பி வரும். வெறுத்துப் போய் அதைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுவிட்டு, இடது பக்கம் மட்டும் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாடுவேன்.

"ஒத்தக் காதுல பாடாத பாப்பா," என்று மாஸ்டர் திட்டுவார். "ஒரு காது தஞ்சாவூருல இருக்கு, ஒரு காது மாயவரத்துல இருக்கு. சுதி ரெண்டுக்கும் நடுவுல கும்மோணத்துல கெடக்கு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபம். பகல் வரவேற்பு. சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது, முன் வரிசையில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வேகமான பாட்டின் இரண்டாவது சரணத்துக்குக் காத்திருந்தேன். சவுண்டு மிக்சரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பொத்தானை அமுக்கிப் பேசினால் எங்கள் இன்-இயரில் மட்டும் கேட்கும், கூட்டத்துக்குக் கேட்காது. அவர் குரல் இடது காதில் வந்தது.

"பாப்பா, இந்தப் பாட்டு முடிஞ்சதும் கீழ எறங்கி வாம்மா. வீட்டுலேருந்து போன் வந்துருக்கு."

குரல் சரியில்லை. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மிக்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். சரணம் வந்துவிட்டது. பாடினேன். முழுவதும் பாடினேன். ஒரு இடம்கூடத் தவறவில்லை என்று பிறகு மாஸ்டர் சொன்னார். அதை ஏன் அவர் சொன்னார் என்று தெரியவில்லை, அது எனக்கு இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

கத்தாரில், வேலை முடிந்து அறைக்கு வந்து, தலை வலிக்கிறது என்று படுத்த அண்ணனை எழுப்பினால் எழவில்லையாம். வெயில் என்றார்கள். இதயம் என்று பேப்பரில் எழுதி வந்தது. பதினெட்டு நாள் கழித்துத் திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கினோம். வீட்டில் திறந்தபோது எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் காதைப் பார்த்தேன். பஞ்சு அடைத்திருந்தது. வலது காதுப் பஞ்சை எடுத்துவிட்டு உள்ளே எப்படி வளைகிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. இப்படி ஒரு நினைப்பு வருமா, அண்ணன் செத்துக் கிடக்கும்போது? எனக்கு வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தும் நான் பாடப் போகவில்லை. வீட்டில் இருக்கும்போது இன்-இயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒயரை எதிலும் சொருக மாட்டேன். வலது ஓடு முட்டுகிற இடத்தில் அழுத்திக்கொண்டே இருப்பேன். வலிக்கட்டும் என்று இருக்கும். அம்மாவுக்கும் அது யார் காது அச்சு என்று தெரியும். காலையில் வாசல் பெருக்கிவிட்டு வந்து டப்பாவைத் திறந்து, வலது ஓட்டைக் கையில் எடுத்து விரலால் தடவுவாள். வலதை மட்டும்தான் எடுப்பாள். இடது என் காதோடு ஒட்டிப் போகிறது, அது பாதி என்னுடையது. வலதுதான் அவனுடையது மட்டும். அவள் அப்படி நினைத்து எடுத்தாளா தெரியாது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. எந்த மேடு எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவள் விரலுக்குத் தெரியும்.

மாஸ்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் திரும்பப் போனேன். போன மூன்றாவது நிகழ்ச்சியில் வலது காதிலிருந்து தண்ணீர் மாதிரி வடிந்தது. பிறகு ரத்தம். தஞ்சாவூரில் காது டாக்டரிடம் மாஸ்டரே கூட்டிப் போனார். டாக்டர் ஓட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோடதும்மா?"

"என்னோடதுதான் சார்."

"ஒங்க காதுல எடுத்தது இல்ல. உள்ள புண்ணாகி இருக்கு. புண்ணு மேலயே வச்சு வச்சு அழுத்திருக்கீங்க." பிறகு ஒரு அறையில் உட்கார வைத்துச் சத்தம் கொடுத்துப் பரிசோதித்தார்கள். இடது காதில் கேட்பது குறைந்திருக்கிறது என்றார். சத்தத்தைக் கூட்டி வைத்த காது. "பாட்டுத்தான் தொழில்னா இனிமே இத இப்புடிப் போடாதீங்க. காது கேக்குறது ஒரு தடவ போனா திரும்பி வராது."

அதே தெருவில் காது கேட்கும் கருவி விற்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு அக்கா அச்சு எடுப்பார். புண் ஆறியதும் போய்க் கேட்டேன்.

"எடது நல்லாருக்கும்மா, அதத் தொட வேணாம். வலதுக்கு மட்டும் புதுசா அச்சு எடுத்து அனுப்பலாம். ஓட்ட ஒடச்சு உள்ள இருக்குறத எடுத்துப் புது ஓட்டுல வச்சுத் தருவாங்க."

"ஒடச்சதத் திருப்பித் தருவாங்களாக்கா?"

"சில்லு சில்லாப் போயிரும்மா. அத வச்சு என்ன பண்ணப் போற?"

யோசித்துவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் அம்மாவிடம் டாக்டர் சொன்னதையும் அந்த அக்கா சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப அதப் போடாத. பழைய பொட்டிய வச்சுப் பாடு."

"அதுல கேக்காதும்மா. கேக்காமத்தானே தொண்ட போச்சு."

"அப்பப் பாடாத." அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள். "ஒடைக்கக் குடுத்தன்னா எங்கிட்ட வராத. அவன்ல மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதான்டி."

ஒன்றரை மாசம் பாடாமல் இருந்தேன். பிறகு அம்மாவுக்குத் தெரியாமல் போய்க் கொடுத்தேன். இதில் எனக்கு ஒரு சாக்கும் கிடையாது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

அந்த அக்கா நூல் கட்டிய சின்னப் பஞ்சு ஒன்றை முதலில் காதுக்குள் தள்ளினார். பல்லுக்கு நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். பாடுகிறவர்களுக்கு வாயைத் திறந்து வைத்துத்தான் எடுக்க வேண்டுமாம், தாடை திறந்தால் காதின் உள்வடிவமே மாறிவிடுமாம். ஊசி இல்லாத சிரிஞ்சால் பசையை ஏற்றினார். சில்லென்று நிறைந்தது. வாயில் கட்டையோடு எச்சில் வடிய அழுதேன். "வலிக்கிதாம்மா?" என்றார். தலையை ஆட்டக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ஆட்டாமலே இருந்தேன்.

வலதில் ஒயர் பழுது, மாஸ்டரிடம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். மூன்று வாரம் டப்பாவில் இடது மட்டும் கிடந்தது. அம்மா அதை எடுக்கவில்லை.

புது ஓடு வந்ததும் வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. காலைப் பூசை முடிந்து கச்சேரி. இரண்டையும் மாட்டினேன். வலது உள்ளே போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பாடினேன். வாயை எவ்வளவு திறந்தாலும் அசையவில்லை. டிரம்ஸ் நடுவில், பேஸ் கீழே, கீபோர்டு வலது பக்கம் தள்ளி, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நிற்கிறது. நடுவில் என் குரல். இவ்வளவு நாளாக என் குரலை நான் கேட்டதே இல்லை. பிசிறு எங்கே தட்டுகிறது, மூச்சு எங்கே திணறுகிறது, எல்லாம் தெரிகிறது. சத்தத்தை முன்பு வைத்ததில் பாதிதான் வைத்திருந்தேன். இரண்டு பாட்டு பாடி முடித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அண்ணன் போனதிலிருந்து முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. நாலாவது பாட்டின் நடுவில்தான் ஞாபகம் வந்தது, இவ்வளவு நன்றாகக் கேட்பது அவன் இல்லாததால்தான் என்று. வலது காதில் அவன் எங்கேயும் முட்டவில்லை.

மறுநாள் காலையில் அம்மா டப்பாவைத் திறந்தாள். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலது ஓட்டை எடுத்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. திரும்ப முதலிலிருந்து தடவினாள். ஓட்டைத் திருப்பிப் பிடித்துத் தடவினாள். என் பக்கம் பார்க்கவில்லை. அதை அதன் பள்ளத்தில் சரியாக வைத்து, டப்பாவை மூடி, பல் விளக்கப் போய்விட்டாள்.

இன்றுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டவும் இல்லை. சோறு போடுகிறாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறாள். டப்பாவை மட்டும் தொடுவதில்லை. கேட்டுவிட்டால்கூடத் தேவலை என்று இருக்கிறது. நானும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு அவன் குழியில் அம்மாவும் நானும் மெழுகுவர்த்தி ஏற்றப் போவோம். எங்கள் ஜெபம் மட்டும் போதுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால் இதைப் படிக்கிற எல்லோரிடமும் கேட்கிறேன். நீங்கள் எங்களைப் போல வேதக்காரராக இருந்தாலும், தொழுகிறவராக இருந்தாலும், உங்கள் குலசாமிக்குச் சூடம் ஏற்றுகிறவராக இருந்தாலும், அடுத்த தடவை கும்பிடும்போது என் அண்ணனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் மேடை கட்டின பையன், அவனுக்கு நிழலாக ஒரு இடம் கொடு என்று கேளுங்கள்.